கடற்கரையில் ஒரு சோகைக் கூரை

கள்ளக்குறிச்சியில் வீட்டுக்கு வரைபடம் போட வருகிறவர்கள் முதலில் கேட்பது எலிவேஷன். உள்ளே காற்று வருமா, வெளிச்சம் வருமா என்பதெல்லாம் அப்புறம். முகப்பில் தூண் நிற்க வேண்டும், சிங்க முகம் இருந்தால் இன்னும் நல்லது, பக்கத்து வீட்டைவிட அரையடியாவது உயர வேண்டும். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஓர் உரக்கடையின் மாடியில் உட்கார்ந்து இதையெல்லாம் வரைந்து கொடுத்துத்தான் நான் பிழைக்கிறேன். அதனால், "கட்டினதே தெரியக்கூடாது, அந்த மாதிரி ஒரு வீடு வேணும்" என்று ஓர் அம்மாள் என் எதிரில் வந்து உட்கார்ந்தபோது, எழுந்து அவர் காலில் விழுந்துவிடலாமா என்று இருந்தது எனக்கு.

சென்னையில் கல்லூரிப் பேராசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். கல்வராயன் மலையடிவாரத் தோட்டம் ஒன்றில் நான் மண்சுவர் வைத்துக் கட்டிய அறையில் எப்போதோ தங்கியிருக்கிறார். அதை வைத்து என்னைத் தேடி வந்திருந்தார். மரக்காணத்துக்குத் தெற்கே கடலோரமாக அவருக்குக் கொஞ்சம் இடம் இருந்தது. ஒரு மணல்மேடு, மேடெல்லாம் அடும்புக்கொடி, பின்னால் தாழம்புதர், அதற்கும் பின்னால் சவுக்கு. சனி ஞாயிறு வந்து தங்க ஒரே ஓர் அறையும், கடலைப் பார்த்து ஒரு தாழ்வாரமும் போதும் என்றார். மணலை மட்டம் பண்ணக் கூடாது, கொடியை வெட்டக் கூடாது. "மணலோட மணலா இருக்கணும்" என்றார். இப்படிப் பேசும் ஒருவர் வருவார் என்றுதான் நான் அத்தனை சிங்க முகங்களையும் பல்லைக் கடித்துக்கொண்டு வரைந்திருந்தேன் போலிருக்கிறது.

அதே சமயத்தில் என் அம்மாவும் என்னிடம் ஒரு வீடு கேட்டுக்கொண்டிருந்தாள்.

ரிஷிவந்தியத்திலிருந்து ஷேர் ஆட்டோ பிடித்துப் போக வேண்டிய ஊர் எங்களுடையது. அம்மா இன்றைக்கும் அங்கே கூரை வீட்டில்தான் இருக்கிறாள். அப்பா இறந்த பிறகு கள்ளக்குறிச்சியில் என்னோடு வந்து இரு என்றால், "வாடகை வூட்டுல கெடந்து நான் சாவ மாட்டேன்" என்று ஒரே பிடிவாதம். மனைக்குப் பட்டா கைக்கு வந்ததிலிருந்து அவள் வாயில் ஒரே பேச்சுதான், மெத்தை வீடு. காங்கிரீட் தளம் போட்ட வீட்டை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வார்கள். நானோ ஓட்டுக் கூரை வைத்து, நடுவில் சின்னதாக முற்றம் விட்டு, அழகாக வரைந்துகொண்டு போய்க் காட்டினேன். அம்மாவுக்குப் படம் புரியாது என்று யாரும் நினைக்க வேண்டாம்.

"இது இன்னாடி நடுவுல ஓட்ட?"

முற்றம் என்றேன்.

"மழ உள்ள வர்றதுக்கு ஒரு வூடு கட்டணுமா? அது இப்பவே நல்லா வந்துக்கினுதான் கீது."

நான் விடவில்லை. தளம் போட்டால் வெயிலில் வேகும், சித்திரை மாதம் உள்ளே படுக்க முடியாது, சுவர் இரவெல்லாம் கொதிக்கும் என்று பாடம் நடத்தினேன். அடுத்த முறை வேறொரு படம், அதற்கடுத்த முறை இன்னொன்று. ஒவ்வொன்றிலும் மெத்தையை எப்படியாவது தட்டிக் கழித்திருப்பேன். காசு இல்லாமல் தள்ளிப்போடவில்லை. கண்டவர்களுக்கெல்லாம் சிங்க முகம் வரைகிற கை, அம்மாவுக்கு ஒரு மொட்டை மாடி வரைய மாட்டேன் என்று அடம் பிடித்தது. எனக்கென்று கட்டுவது என் ரசனைப்படி இருக்க வேண்டும் என்ற திமிர் அது. அந்த வீட்டில் இருக்கப்போவது நான் இல்லை என்பது மட்டும் எனக்கு உறைக்கவில்லை.

அம்மா பொறுத்துப் பார்த்துவிட்டு, "ஊருக்கெல்லாம் தூண் வெச்சுக் கட்டறா, பெத்தவளுக்குன்னா மட்டும் ஞாயம் பேசறா" என்று அத்தையிடம் புலம்பிவிட்டாள். அத்தை என்றால் அப்பாவின் தங்கை. களமருதூரில் வாழ்க்கைப்பட்டவள். அம்மாவைக் குத்திக் காட்ட ஒரு வார்த்தை கிடைத்தால், ஊறுகாய் மாதிரி அதை வருஷக்கணக்கில் வைத்துத் தொட்டுக்கொள்கிறவள். அவளிடம் போய்ச் சொல்கிற அளவுக்கு அம்மா நொந்திருக்கிறாள் என்று அப்போதே நான் யோசித்திருக்கலாம்.

பேராசிரியை, மலைக்காரர்கள் வீடு கட்டும் விதத்தைப் பார்க்க ஆசைப்பட்டார். கல்வராயன் மலைக்கு அழைத்துப் போனேன். ஓர் ஊரில் புல் கூரை இடுப்பு உயரத்துக்கு இறங்கிய வீடு ஒன்று மிச்சம் இருந்தது. வாசலில் ஒரு பெண் சாமை புடைத்துக்கொண்டிருந்தாள். பேராசிரியை சுவரைத் தடவிப் பார்த்தார், குனிந்து உள்ளே போய் உட்கார்ந்து "என்ன குளுமை, என்ன குளுமை" என்றார். அந்தப் பெண் எங்களை ஏதோ ஆபீஸ் ஆட்கள் என்று எண்ணிக்கொண்டு, முறத்தைக் கீழே வைத்துவிட்டு, "எங்களுக்குத் தளம் போட்ட வூடு எப்பங்க வரும்? எழுதிக்கினு போனாங்க, அப்பறம் ஆளயே காணோம்" என்று கேட்டாள். நாங்கள் அந்த ஆட்கள் இல்லை என்று சொல்லிவிட்டு வந்தோம். கார் மலை இறங்கும்போது, "பாவம், கையில இருக்கறதோட அருமை தெரியல" என்றார் பேராசிரியை. நான் தலையாட்டினேன்.

தலையாட்டியதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. வளைவுகளில் கார் திரும்பித் திரும்பி இறங்கிக்கொண்டிருக்க, நான் எங்கள் வீட்டைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தேன். கல்லூரியில் படித்த காலம் முழுக்க நான் மூச்சுவிடாத விஷயம் அது. ஊருக்கு வருகிறேன் என்ற தோழிகளிடம், வீட்டில் வேலை நடக்கிறது, தூசியாக இருக்கிறது என்று சொல்லித் தடுத்திருக்கிறேன். இப்போது அதே குடிசையைக் கேட்டு ஒருவர் கண் விரிகிறது. விடுவேனா? கரும்பு வெட்டி முடிந்ததும் வயலில் கிடக்கும் காய்ந்த தோகைக்கு எங்கள் பக்கம் சோகை என்று பெயர். அப்பா அதைக் கட்டுக் கட்டாகச் சைக்கிளில் வைத்துத் தள்ளிக்கொண்டு வருவதையும், புதுச் சோகை வேய்ந்த வீட்டின் வாசனையையும், மழை அதன் மேல் சத்தமே இல்லாமல் விழுவதையும் சொன்னேன். எல்லாம் உண்மை. கூரைக்கு விழல் புல் வாங்க வழியில்லாதவர்கள்தான் சோகை போடுவார்கள் என்பதைச் சொல்லவில்லை. புகைக்கரி கலந்த தண்ணீர் சோற்றுப் பானையில் சொட்டுவதையோ, பூரான் விழுவதையோ, தீபாவளிக்குத் தெருவே வெடி வெடிக்கும்போது எங்கள் அப்பா மட்டும் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றிக் கூரையை நனைத்துக்கொண்டிருப்பதையோ சொல்லவில்லை. அவர் கேட்கவும் இல்லை.

"நம்ம வீட்டுக்கும் சோகையே போட்டுடலாமா?" என்றார் அவர். உடனே சரி என்றேன்.

அந்தக் கட்டடத்தை நான் நன்றாகவே செய்தேன். அதில் எனக்குப் பொய்யான அடக்கம் கிடையாது. மேட்டின் உச்சிக்கு மேல் கூரை எழாதபடி, மேட்டுக்குப் பின்பக்கச் சரிவில் அதை உட்கார வைத்தேன். மேடு தாழ்ந்த ஓர் இடைவெளிக்கு நேராகத் தாழ்வாரத்தை வைத்து, அதன் வழியே கடல் தெரியும்படி செய்தேன். அந்த மணலில் ஒரு கைப்பிடியைப் பிளாஸ்டிக் கவரில் கட்டிக்கொண்டு போய், சுண்ணாம்புப் பூச்சின் நிறம் அதோடு சேர்கிறவரை கலவையை மாற்றிக்கொண்டே இருந்தேன். கொடிக்காகச் சுவரை ஓர் இடத்தில் வளைத்தேன். உப்புக் காற்று தூக்கிவிடாமல் இருக்கக் கூரையைத் தாழ இறக்கி, கயிறு போட்டுக் கட்டினோம். ஒழுகாமல் இருக்க அடியில் தகரம் கொடுத்து, மேலே சோகையை வேய்ந்தோம். எங்கள் பக்கத்திலிருந்து சோகை லாரியில் போய் இறங்கியபோது, அந்த ஊர்க்காரர் ஒருவர் நின்று பார்த்துவிட்டு, "தென்னங்கீத்து கெடைக்கற ஊருக்கு எதுக்குங்க குப்பைய ஏத்திக்கினு வந்துகிறீங்க?" என்று கேட்டார். சிரித்தேன். முடிந்த பிறகு கடற்கரையில் நின்று திரும்பிப் பார்த்தால், மேடு தெரிந்தது, கொடி தெரிந்தது, வீடு தெரியவில்லை.

குடிபோகும் நாளுக்கு அம்மாவை அழைத்துவரச் சொல்லிப் பேராசிரியை போனில் மூன்று நான்கு தடவை சொன்னார். அம்மாவிடம், கடலோரம் ஒரு வீடு கட்டியிருக்கிறேன், உன்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள் என்றேன்.

"மெத்தையா?" என்றாள்.

"வந்து பாரேன்" என்றேன்.

எங்கள் சனத்தில் வீடு குடிபோகும் நாளில் கட்டியவருக்குத்தான் முதல் மரியாதை. மேஸ்திரியை நடுவீட்டில் நிறுத்தி, வேட்டி துண்டு வைத்துக் கொடுத்த பிறகுதான் பந்தி. தன் மகளை அப்படி நடுவீட்டில் நிறுத்திப் பட்டுப்புடவை கொடுப்பார்கள், அதைச் சொந்தக்காரர்கள் பார்க்க வேண்டும் என்று அம்மா கணக்குப் போட்டிருக்கிறாள். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் ஒரு வேன் பிடித்து, அத்தையையும் சேர்த்து ஆட்களை ஏற்றி, குத்துவிளக்கும் சுவர்க்கடிகாரமும் வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டாள். நான் முதல் நாளே அங்கே போயிருந்தேன். காலையில் போன் வந்தது.

"வந்துட்டம்டி. பெரிய கேட்டு, ரோஸ் கலர் பெயிண்ட்டு, மேல கண்ணாடி. யம்மாடி, இன்னாமா கட்டிகிற! ஒங்கத்த வாயத் தொறந்துக்கினு நிக்கறா."

என் வேலையை அம்மா பாராட்டியது அதுதான் முதல் தடவை. அது பக்கத்து மனையில் யாரோ கட்டியிருந்த தங்கும் விடுதி.

"அது இல்லம்மா. அதுக்குப் பக்கத்துல பாரு."

"பக்கத்துல ஒண்ணும் இல்லியே. மணலும் தாழம்பொதரும்தான் கீது."

மேட்டின் மேல் ஏறி நின்று கையைத் தூக்கி ஆட்டினேன். தூரத்தில் விடுதியின் கேட்டுத் தூணைத் தடவிக்கொண்டு நின்றிருந்த அம்மா என்னைப் பார்ப்பது தெரிந்தது. பட்டுப்புடவை கட்டிய பெண்கள் குத்துவிளக்கைத் தூக்கிக்கொண்டு, செருப்பில் மணல் ஏற, ஒருவர் பின் ஒருவராக நடந்து வந்தார்கள். எனக்கு மேட்டுக்குள்ளேயே புதைந்துகொள்ளலாம் போல இருந்தது. அந்த வேலைப்பாடு முழுவதும், அந்த நிறம், அந்த வளைவு, அந்தத் தாழ்ந்த கூரை, எல்லாவற்றையும் நினைத்து ஒரு நிமிஷத்துக்குள் அத்தனை வெட்கம். அவர்கள் அருகில் வரும்வரை நான் கையை இறக்கவில்லை.

அம்மா கூரைக்கு அடியில் வந்து நின்றாள். நிமிரக்கூட வேண்டியதில்லை, கூரை அவள் முகத்துக்கு நேரே இருந்தது. ஓர் இழையை இழுத்து விரலில் உருட்டினாள்.

"சோகை" என்றாள்.

"ஒழுவாதும்மா. அடியில தகரம் இருக்கு."

"அப்ப தகரமே போதுமே. எதுக்கு அத மறைக்கற?"

அத்தை ஏதாவது சொல்வாள் என்று பயந்து அவளைப் பார்த்தேன். அவள் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பால் பொங்கியது. பேராசிரியை நல்ல மனுஷி. தன் நண்பர்கள் முன்னால் என்னைக் கூப்பிட்டு நிறுத்தி, அம்மா நினைத்த மாதிரியே பட்டுப்புடவை கொடுத்தார். அம்மாவின் முகம் கொஞ்சம் தெளிந்தது. அத்தோடு விட்டிருந்தால் எல்லாம் நல்லபடியாக முடிந்திருக்கும். அவர் கையில் ஒரு சால்வையும் இருந்தது. அம்மாவின் தோளில் கைபோட்டு முன்னால் அழைத்து வந்தார்.

"இந்த வீட்டுக்கு நிஜமான சொந்தக்காரங்க இவங்கதான்" என்றார் நண்பர்களிடம். "இவங்க இருக்கற குடிசைய நெனச்சுத்தான் இத வரைஞ்சிருக்கா. இன்னமும் அதே சோகைக் கூரைலதான் இருக்காங்களாம். எவ்வளவு பெரிய விஷயம் பாருங்க!"

நண்பர்கள் கை தட்டினார்கள். அம்மா கைதட்டல் அடங்கும்வரை காத்திருந்தாள். அதன் பிறகு, ரொம்ப மரியாதையாக, "இல்லீங்கம்மா. எங்க வூடு மெத்தை வூடுங்க" என்றாள்.

பேராசிரியை புரியாமல் சிரித்தார். "குடிசைன்னு சொன்னாளே?"

"மெத்தை வூடுதாங்க" என்றது இன்னொரு குரல். அத்தை. "எங்கண்ணன் இருக்கும்போதே கட்டுனது. மொசைக் தரைங்க. ரெண்டு மாடிங்க." பின்னால் நின்ற சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் ஆமாம், ஆமாம் என்றார்கள். அவர்களில் ஒருவர் பாக்கியில்லாமல் எங்கள் கூரை வீட்டுக்கு வந்து குனிந்து நுழைந்தவர்கள். முன்கூட்டியே பேசிவைத்ததுபோல ஒருவரும் யோசிக்கவில்லை. யோசித்தது நான் ஒருத்திதான்.

பேராசிரியை என்னைப் பார்த்தார். அம்மா என்னைப் பார்க்கவில்லை, அவர் கையிலிருந்த சால்வையின் ஓரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆமாம் என்றால், மலையிறக்கத்தில் நான் சொன்னதெல்லாம் வேலை பிடிக்க விட்ட கதை என்றாகும். இல்லை என்றால், அம்மாவை அத்தனை பேர் முன்னால் மறுபடியும் அந்தக் கூரைக்கு அடியில் தள்ளுவது. இதில் யோசிக்க என்ன இருக்கிறது? ஆனாலும் யோசித்தேன். அதை எழுதும்போது இப்போதும் முகம் சுடுகிறது.

"ஆமா மேடம். மெத்தை வீடுதான்" என்றேன்.

"அப்ப அந்தச் சோகை, உங்கப்பா, சைக்கிள்..."

"அது பக்கத்து வீட்டுல மேடம்."

"ஓ" என்றார். சிரிப்பு அப்படியே இருந்தது, கண் மட்டும் என்னைவிட்டு விலகிப்போனது. சால்வையைப் பிரித்து அம்மாவுக்குப் போர்த்தினார். அதற்குப் பிறகு அவர் என்னோடு பேசியதெல்லாம் சாப்பிட்டீர்களா என்ற அளவில்தான். என் அப்பாவின் சைக்கிளைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டு நான் வடை பாயசத்தோடு சாப்பிட்டேன்.

திரும்பும்போது வேனில் அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். வேன் திண்டிவனம் தாண்டியது. அத்தைதான் தாங்கமாட்டாமல், "ஏன் அண்ணி, மொசைக்குன்னு சொன்னனே, சரியாத்தான சொன்னேன்?" என்று கேட்டாள்.

"மொசைக் இப்ப யாருடி போடறா? டைல்ஸ்னு சொல்லியிருக்கணும்" என்றாள் அம்மா. வேன் முழுக்கச் சிரித்தது. இந்த நாத்தனார் அண்ணி சண்டையைக் கேட்டு வளர்ந்தவள் நான். அவர்கள் ஒருவர் தொடையில் ஒருவர் தட்டிக்கொண்டு சிரிப்பதை அன்றுதான் பார்த்தேன். என்னால் சேர்ந்து சிரிக்க முடியவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து அம்மா தணிந்த குரலில், "அவங்ககிட்டப் போயி நம்ம வூட்டப் பத்தி ஏன் சொன்ன?" என்றாள்.

"அவங்களுக்குப் புடிச்சிருந்துச்சும்மா."

"புடிக்கும். மழ வந்தா அவங்க கெளம்பி மெட்ராசு போயிடுவாங்க இல்ல." கோபம் இல்லாமல்தான் சொன்னாள். "நல்ல மனுசிதான். தோள்ல கைய போட்டுக்கினாங்க. ஏதோ வாய்ல வந்துடுச்சு, பொய்ய சொல்லிட்டன். இனிமே கட்டித்தான் ஆவணும்."

"கட்டிடலாம்மா" என்றேன்.

என்னிடம் வரைபடத்துக்கு வருகிற எல்லோரிடமும் நான் ஒரு கேள்வி கேட்பேன். இந்த வீட்டில் முதல் நாள் காலையில் என்ன செய்வதாக நினைத்திருக்கிறீர்கள்? கல்லூரியில் கற்றுக்கொடுத்தது. பேராசிரியையிடம் கேட்டேன், கடலைப் பார்த்துக் காப்பி குடிப்பேன் என்றார். அதற்காகத்தான் அந்தத் தாழ்வாரம். சிங்க முகம் கேட்பவர்களிடம்கூடக் கேட்டிருக்கிறேன். அம்மாவுக்கு அத்தனை படம் வரைந்திருக்கிறேன், அவளிடம் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. விழுப்புரத்துக்கு முன்னால், வேன் ஏதோ ரயில்வே கேட்டில் நின்றபோது கேட்டேன்.

அம்மா வெளியே பார்த்துக்கொண்டே சொன்னாள். "மேல ஏறி நிப்பேன்."

"நின்னு?"

"நின்னு இன்னா, நிக்கறதுதான். கூர மேல ஏறாத, ஒடிஞ்சிடும், நெருப்பு கொண்டாராத, புடிச்சுக்கும்னு சொல்லிக்கினே எம் பொழப்பு ஓடிப் போச்சு. தெருவுல எல்லாரும் அவங்க அவங்க வூட்டு மேல நின்னு பேசிக்கிறாளுங்க, நான் கீழருந்து அண்ணாந்து பதில் சொல்லிக்கினு கீறேன். ஒரு நா நானும் மேல நின்னு பேசணும்."

கேட் திறந்தது. வேன் கிளம்பியது.